ஒரு மூடித் தண்ணீர்

ஏணியின் மூன்றாவது படிக்கு மேல் கால் வைத்தால் சுவர் நழுவ ஆரம்பிக்கும். முதலில் மேல் மூலை, பிறகு சன்னல், பிறகு கையில் தொங்கும் வாளி. கண்ணை மூடிக்கொண்டால் சுவர் நின்றுவிடும். அதற்குப் பதிலாக அவன் சுற்றுவான். உள்காதில் கோளாறு என்றார் டாக்டர். சிலருக்குத் தானாகச் சரியாகும், சிலருக்கு ஆகாது, உயரத்தில் ஏறுகிற வேலை மட்டும் வேண்டாம் என்றார். பெயிண்டருக்கு வேறு வேலை தெரியாது.

விழுந்து எலும்பை முறித்துக்கொண்டிருந்தால் தெரு ஒப்புக்கொண்டிருக்கும். மாவுக்கட்டு இருக்கும். பார்க்க வருகிறவர்கள் பழம் வாங்கி வருவார்கள். இதில் பார்க்க ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுந்த ஆளைப்போல அவன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

"கை காலெல்லாம் கல்லு மாதிரி இருக்கு, வேலைக்கு மட்டும் போக முடியாதா?" என்று கேட்டாள் கீழ் வீட்டுத் தையல்காரி. மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"தல சுத்துதுக்கா."

"எனக்குந்தான் சுத்துது. மாசம் பொறந்தா வீட்டுக்காரர் வாடகைக்கு வந்து நிக்கிறாரே, அப்ப."

அவனும் சிரித்தான். சிரித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினான். வீடு மாடியில் பின்பக்கம் இருந்தது. ஒரு அறை, ஒரு சமையலிடம், வெளிப்பக்கமாக ஏறும் சிமெண்டுப் படி. படிக்குக் கைப்பிடி இல்லை. அந்தப் படியை அவன் தினமும் உள்ளங்கையால் ஏறினான் என்றுதான் சொல்ல வேண்டும். சுவரில் அவன் கை தேய்ந்த இடம் ஒரு பட்டையாக மங்கியிருந்தது.

மேஸ்திரி கெட்டவன் இல்லை. ஒரு பள்ளிக்கூட வேலைக்குக் கூப்பிட்டுப் போனான். "நீ கீழ்ப்பாதிய அடி, மேல பசங்க அடிக்கட்டும். யாரு உன்ன ஏறச் சொன்னா?" என்றான். பெயிண்டர் நின்ற இடத்திலிருந்து கைக்கு எட்டும் வரை அடித்தான். நல்ல வேலைக்காரன். அவன் முடித்த இடத்தில் பிரஷ் போன தடம் தெரியாது. சாரத்தின் மேலிருந்து பையன்கள் கூப்பிட்டார்கள்.

"அரைச்சுவரு! மேல வாங்க, காத்து நல்லா வருது!"

"இறங்கி வாங்கடா, தரையும் நல்லாத்தான் இருக்கு."

அரைச்சுவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கூலியும் அரைக்கூலிதான். அதையாவது விடாமல் இருந்திருப்பான். ஆனால் சுவரின் அடிப்பாகத்துக்குக் குனிந்து நிமிரும்போதும் தரை சாய ஆரம்பித்தது. ஒரு நாள் நிமிர்ந்தவன் புதிதாக அடித்த சுவரிலேயே தோளைச் சாய்த்துவிட்டான். ஈரச் சுவரில் ஒரு ஆளின் தோள் அச்சாக விழுந்தது. மேஸ்திரி திட்டவில்லை. அதை அவனே ரோலரால் உருட்டி மறைத்தான். அடுத்த வாரம் கூப்பிடவில்லை. பெயிண்டரும் போய்க் கேட்கவில்லை.

அவர்கள் வீட்டில் இரண்டு சம்பளங்களும் ஒன்றோடொன்று சேர்ந்ததே இல்லை. அவன் மனைவி மில் கேன்டீனில் சமையலுக்கு நின்றாள். மாதச் சம்பளம். அது அரிசி, எண்ணெய், கேஸ், பள்ளிக்கூடம். அவனுடைய சனிக்கிழமைக் கூலி வாடகை, ஞாயிற்றுக்கிழமைக் கறி, பட்டாணியின் மருந்து. இப்படி யாரும் உட்கார்ந்து பேசி வைக்கவில்லை. கல்யாணமான புதிதில் எப்படியோ ஆனது, அப்படியே நின்றது.

பட்டாணி அவர்கள் மகள். ஒன்றாம் வகுப்பு படித்தாள். உருண்டையாகப் பிறந்ததால் அந்தப் பெயர். கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் வலிப்பு வந்தது. பிறகு காய்ச்சல் இல்லாமலும் வந்தது. காலையும் மாலையும் சிவப்பு நிறச் சிரப் ஒன்றைக் கொடுக்க ஆரம்பித்த பிறகு நின்றது. நின்று வெகுநாளாயிற்று. அந்தச் சின்னச் சிரப் பாட்டிலைச் சனிக்கிழமை சாயங்காலம் பெயிண்டர்தான் வாங்கி வருவான். கை கழுவாமல் நேரே கடைக்குப் போவான். மருந்துக்கடைக்காரர் பணத்தை வாங்கும்போது அவன் விரலைப் பார்ப்பார்.

"இந்த வாரம் பச்சையா? யாரு வீட்டுல இவ்வளவு துணிச்சல்?"

"டாக்டர் வீடு சார்."

"அப்ப நோயாளிங்களுக்கு நல்லது. பயந்து ஓடிருவாங்க."

அந்த வேடிக்கைப் பேச்சு நின்றுபோனது. இப்போது அவன் விரல்கள் சுத்தமாக இருந்தன. நகக்கண்ணில்கூட ஒன்றுமில்லை. கடைக்காரர் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பாட்டிலை உறையில் போட்டார்.

அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே பேச்சை எடுத்தாள். குழந்தை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

"பால்?"

"அவளுக்கு மட்டும் வாங்கு. எனக்கு வெறுங்காப்பி போதும்."

"உங்களுக்கு வெறுங்காப்பி குடிச்சா நெஞ்சு கரிக்குமே."

"கரிக்கட்டும். வேற என்ன வேல இருக்கு அதுக்கு?"

அவள் சிரிக்கவில்லை. "பள்ளிக்கூட ஆட்டோ?"

"நான் நடத்திக் கூட்டிட்டுப் போறேன்."

"வழியில சுத்திச்சுன்னா?"

"தரையில சுத்தாது. சுவர் ஓரமாவே போயிருவேன்."

"நானும் பஸ்ஸ விட்டுட்டு நடந்துக்கறேன். கறி மாசத்துல ஒருக்க." கத்தி நின்றது. "மருந்துல மட்டும் கை வைக்கக் கூடாதுங்க."

"யாரு வைக்கச் சொன்னா?"

"சொல்லி வைக்கிறேன்."

"எங்கிட்ட சொல்றியா நீ? இத்தன வருசம் யாரு வாங்கினது?"

 கிழங்கின் தோல் அறுபடாமல் ஒரே நீளமாகக் கீழே இறங்கியது. சாயங்காலம் வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை என்று சொல்ல முடியாது. சொல்லி முடிந்ததற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

"அண்ணங்கிட்ட வேணா கேட்டுப் பாக்கவா?" என்று சாயங்காலம் விளக்குப் போடும்போது கேட்டாள். அவள் அண்ணன் நகரத்தின் அந்தப் பக்கம் டயர்க்கடை வைத்திருந்தான்.

"எனக்கு ஸ்கேன் எடுக்கப் பணம் குடுத்தப்பவே 'பொம்பள சம்பாத்தியத்துல ஆம்பள தல சுத்துறான்'னு சொன்னாரு. எனக்குக் கேக்கலன்னு நெனச்சிட்டிருக்காரு. காதுல கோளாறுதான், செவிடில்ல."

அவள் அதோடு விட்டாள்.

வீட்டு வேலை அவன் கைக்கு வந்தது. சமைக்கக் கற்றுக்கொண்டான். சோறு குழைந்தால் பட்டாணி, "அப்பா, இது பசைதானே? சுவத்துல ஒட்டவா?" என்று கேட்பாள். பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் தண்ணீர் விட்டு இரண்டு புட்டியாக்கினான். சோப்பின் கடைசித் துண்டுகளைச் சேர்த்து உருட்டி ஒன்றாக்கினான். பாலில் கொஞ்சம் தண்ணீர். பெயிண்டருக்கு இது புதிதல்ல. எந்தப் பெயிண்டும் டப்பாவில் இருக்கிறபடி சுவருக்குப் போவதில்லை. தண்ணீர் கலந்தால்தான் பரவும், பரவினால்தான் சுவர் குடிக்கும். குச்சியை விட்டுத் தூக்கிப் பார்ப்பான். நூலாக இறங்கினால் இன்னும் வேண்டும். நூல் அறுந்து சொட்டாக விழுந்தால் போதும். கலப்பதில் அவன் கை தவறியதே இல்லை என்று மேஸ்திரியே சொல்லியிருக்கிறான். ஒரு டப்பாவை இரண்டு அறைக்கு வரவைக்கிறவனுக்குத்தான் அந்தத் தொழிலில் பெயர்.

கேன்டீனிலும் அப்படித்தான். ஷிப்ட் மாறும் நேரத்தில் வரிசை சில நாள் கதவைத் தாண்டி நீளும். சூப் அண்டாவின் அடி தெரியும்போது தலைமைச் சமையல்காரர் உள்ளேயிருந்து கத்துவார். "சூப்பக்கா! வரிசைய எண்ணாத, தண்ணிய விடு. உப்ப ஒரு புடி ஏத்து. மில்லுக்காரன் நாக்குல பஞ்சுதான் இருக்கு, ஒன்னும் தெரியாது." அவள் கொதிநீரை ஊற்றித் துழாவுவாள். கடைசி ஆள் வரை கரண்டி நிறையப் போகும். யாரும் பசியோடு திரும்பியதில்லை. அண்டாவை எட்டவைப்பதுதான் அவள் வேலை. அதை அவள் நன்றாகச் செய்தாள்.

மருந்தின் விலை ஏறியிருந்தது. அன்று அவள் கொடுத்திருந்த பணத்தில் மருந்தும் ரொட்டியும் வாங்க வேண்டும். கடைக்காரர் விலையைச் சொன்னதும் பெயிண்டர் ரொட்டியை விட்டுவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு அதன் எதிரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அடுத்த பாட்டிலுக்கு அவளிடம் கேட்க வேண்டும். அவள் தருவாள். முகம் மாறாமல் தருவாள். அதைத்தான் அவனால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. போன தடவை டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது: இப்படியே வலிப்பு வராமல் இருந்தால் அடுத்த வருஷம் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். குறைக்கலாம் என்றால், குறைத்தாலும் தாங்கும் என்றுதானே அர்த்தம்.

ஆறவைத்த வெந்நீரை அளவு மூடியில் பிடித்தான். ஒரு மூடி. விட்டு, மூடி, குலுக்கினான். அதற்கு மேல் விடவில்லை. அடுத்த பாட்டிலிலும் ஒரு மூடிதான்.

சில நாட்கள் கழித்து, சம்பளத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போது, விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். பாதிக்குக் கீழே போயிருந்தது. அவன் திரும்பிப் படுத்திருந்தான். மருந்து தீரப்போகிறது என்று அவனிடம் சொன்னால் அவன் எழுந்து எங்காவது ஒரு ஏணியில் ஏறிவிடுவான். அப்படி ஒரு பயம் அவளுக்கு எப்போதும் இருந்தது. மருந்தைக் குறைக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது அவளும்தான் பக்கத்தில் இருந்தாள். குடிக்க வைத்திருந்த வெந்நீரில் ஒரு மூடி எடுத்துப் பாட்டிலில் விட்டாள். அடுத்த பாட்டில்களிலும் அப்படித்தான்.

பாட்டில்கள் கொஞ்சம் கூடுதல் நாள் வந்தன. அவன் தன் தண்ணீரால் என்று நினைத்தான். அவள் தன் தண்ணீரால் என்று நினைத்தாள்.

பட்டாணி ஒரு காலையில் மூடியை நக்கிவிட்டுச் சொன்னாள்: "அப்பா, மருந்து இப்பல்லாம் நல்லாருக்கு. தொண்டையில ஒட்டவே மாட்டேங்குது."

அவன் வேகமாக அவள் வாயைத் துடைத்துவிட்டான். "பெரிய பொண்ணாயிட்டல்ல, தொண்ட பெருசாயிருச்சு."

அன்று சாயங்காலம் அதையே அவள் அம்மாவிடமும் சொன்னாள். அம்மாவின் கை தலைபின்னும் இடத்தில் நின்றது. "அப்படியா கண்ணு" என்றாள். பிறகு பின்னலை இறுக்கினாள். குழந்தை "ஆ" என்றது. இருவரும் மருந்து கொடுக்கும்போது மூடியைப் பார்க்காமல் குழந்தையின் வாயையே பார்க்கப் பழகியிருந்தார்கள்.

மழைக்கு முந்தைய புழுக்கமான ஒரு பிற்பகல். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பட்டாணி தரையில் படுத்து எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். பெயிண்டர் சமையலிடத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். கால் தரையில் அடிக்கிற சத்தம் கேட்டது. விளையாடுகிறாள் என்று ஒரு கணம் நினைத்தான். பிறகு அந்தத் தாளம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. மறந்துபோயிருக்கும் என்று நினைத்த தாளம்.

சொல்லிக்கொடுத்தபடிதான் செய்தான். ஒருக்களித்துப் படுக்கவைத்தான். தலைக்கடியில் துணி வைத்தான். வாயில் எதையும் வைக்கவில்லை. காத்திருந்தான். முன்பெல்லாம் அவன் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். இப்போது நிற்கவில்லை. உதடு நிறம் மாறியது.

அள்ளித் தூக்கினான். வாசலுக்கு வந்ததும் படி தெரிந்தது. இரண்டு கையிலும் குழந்தை, சுவரைப் பிடிக்கக் கையில்லை. முதல் படியில் கால் வைத்தான், தெரு முழுக்க ஒரு பக்கமாகச் சரிந்தது. அப்படியே உட்கார்ந்தான். குழந்தையை மார்போடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகக் கீழே நகர்ந்தான். சட்டை முதுகில் கிழிந்தது. "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டே வந்தான். தையல் மெஷினின் சத்தம் முதல் தடவையாகப் பாதியில் நின்றது.

"ஆட்டோ! யாராவது ஆட்டோவ நிறுத்துங்கடா!" என்று ஓடினாள் தையல்காரி. கழுத்தில் அளவெடுக்கும் நாடா தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வரை அது தொங்கிக்கொண்டே இருந்தது.

ஊசி போட்டதும் நின்றது. குழந்தை ஆழ்ந்து தூங்கியது. மில்லிலிருந்து அவள் வந்தபோது கேன்டீன் ஏப்ரன்கூட அவிழ்க்கவில்லை. கையில் பூண்டு வாடை. அவளுக்குப் பின்னால் அவள் அண்ணன் வந்தான். தையல்காரிதான் போன் பண்ணிச் சொல்லியிருந்தாள்.

டாக்டர் இளம் பெண். தூக்கம் இல்லாத முகம். "மருந்து ஒழுங்கா குடுக்கிறீங்களா?"

"ஒரு வேள தவறினதில்ல" என்றாள் அவள்.

"ரத்தத்துல மருந்து ரொம்பக் கம்மியா இருக்கே. புள்ள வளர வளர கூடத்தானே வேணும்? குடுக்கிற பாட்டில எடுத்துட்டு வாங்க, மருந்து மாறிப்போயிருக்கான்னு பாக்கலாம்."

பெயிண்டர்தான் போனான். அறையில் பாதி நறுக்கிய வெங்காயம் காய்ந்திருந்தது. அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தான். வெகுநாளைக்குப் பிறகு அதைப் பார்த்தான். சன்னல் வெளிச்சத்தில் நின்று மூடியில் ஊற்றி மெல்லச் சாய்த்தான். நூல் இல்லை. சொட்டாகக்கூட இல்லை. தண்ணீராக ஓடியது.

தான் கலந்தது எவ்வளவு நீர்க்கும் என்று அவன் கைக்குத் தெரியும். இது அதைவிட நீர்த்திருந்தது. அந்த வீட்டில் இன்னொரு கைதான் இருந்தது.

மூடியில் இருந்ததைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றினான். ஒரு சொட்டு சிந்தவில்லை. சன்னல் பக்கம் கொஞ்சநேரம் நின்றான். பிறகு படியிறங்கினான்.

டாக்டர் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தார். "இது என்ன, இப்படித் தண்ணியா இருக்கு?"

"நான்தான் கலந்தேன்."

தாழ்வாரத்தில் இருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. மாப் போட்டுக்கொண்டிருந்த பெண்கூட நின்றாள்.

"எவ்வளவு?"

"ரெண்டு மூடி."

அவன் யாரையும் பார்க்கவில்லை. டாக்டர் திட்டுவார் என்று நினைத்தார்கள். அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். "வாங்க முடியலன்னா இங்க வந்து சொல்லணும். ஏதாவது வழி பண்ணுவோம். கலக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

திட்டுவதற்கு அண்ணன் இருந்தான்.

"புள்ள மருந்துலயா தண்ணி ஊத்துவ? பெயிண்டு டப்பான்னு நெனச்சியா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என் கடை முழுகிப் போயிருமா மாப்ள?"

"தப்புதான் மச்சான்."

"தப்பா? இதுக்கு வேற பேரு இருக்கு. வாயில நல்லா வருது, ஆஸ்பத்திரின்னு பாக்குறேன்."

"அண்ணா, மெதுவா" என்றாள் அவள். அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது.  அவன் இரண்டு என்றான். அவன் இரண்டு ஊற்றினானா? அப்படியானால் தன்னுடையதோடு மூன்று. அவள் கணவனின் முகத்தைத் தேடினாள். அவன் தரையின் ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடிவா சொல்றேன்" என்றான் அண்ணன். "புள்ள தேறுற வரைக்கும் எங்க வீட்டுல இருக்கட்டும். மருந்து நான் வாங்குறேன், உங்க அண்ணி அளந்து குடுப்பா. நீயும் வந்துரு தங்கச்சி. இந்தாளு கையில இனி ஒரு சொட்டுகூடக் கூடாது."

"சரிங்க மச்சான்" என்றான் பெயிண்டர்.

அண்ணன் வீடு வசதியானது. பட்டாணிக்குத் தனிக் கட்டில். அண்ணி அதிகம் பேசாதவள். வேளை தவறாமல் மூடியைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, கோட்டைப் பார்த்து ஊற்றிக் கொடுத்தாள். பட்டாணி மூன்றாம் நாளிலிருந்து எழுந்து நடமாடினாள்.

"அப்பா எப்ப வருவாங்க?"

"வருவாங்க."

"அப்பா தண்ணி ஊத்தினாங்களா?"

"யாரு சொன்னா?"

"மாமா போன்ல சொன்னாங்க."

அவள் குழந்தையின் தலையைத் தடவினாள். ஒரு வார்த்தைக்காகத் தேடினாள். கிடைத்த வார்த்தைகள் எல்லாம் அவனையே சுட்டின.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாற்றுத்துணி எடுத்துவரப் போவதாகச் சொல்லிவிட்டுத் தங்கள் வீட்டுக்கு வந்தாள். அவன் தரையில் உட்கார்ந்து சட்டையின் முதுகைத் தைத்துக்கொண்டிருந்தான். தைக்கத் தெரியாத தையல். அவள் வாங்கித் தைக்க ஆரம்பித்தாள். வெகுநேரம் ஊசி மட்டும் போய் வந்தது.

"எப்படியிருக்கா?"

"ஓடுறா. ஒரு பல்லு ஆடுது."

"எந்தப் பல்லு?"

"கீழ, முன்னாடி."

அவன் தன் கீழ்ப்பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"என்னங்க" என்றாள். நூலைக் கடித்து அறுத்தாள். "நானும் கலந்தேன்."

"தெரியும்."

ஊசி நின்றது.

"நான் விட்டது ஒரு மூடி. பாட்டில சாச்சுப் பாத்தப்பவே தெரிஞ்சிருச்சு."

"ரெண்டுன்னு சொன்னீங்க."

"ஒன்னு உன்னோடது."

கீழே தையல் மெஷின் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. அவள் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுகிற சத்தம் வரவில்லை. தோள் மட்டும் ஏறி இறங்கியது. அவன் தொடவில்லை. தொட்டால் நிற்காது என்று அவனுக்குத் தெரியும்.

"ஏன் சொல்லல? அத்தன பேரு முன்னாடி அவரு உங்கள அப்படிப் பேசுறாரு, நான் மரம் மாதிரி நிக்கிறேன். ஏன் சொல்லல?"

"ரெண்டு பேரும் கலந்தோம்னு சொன்னா புள்ளைய யாரு கையில குடுப்பாங்க?"

அவள் தலையைத் தூக்கினாள்.

"எங்கிட்டேர்ந்து எடுத்தாச்சு" என்றான். "உங்கிட்டயாவது இருக்கட்டும். நீ ஒன்னும் சொல்லாத. அவருக்கு என்னப் புடிக்காது, அது பழசு. புதுசா ஒன்னும் கெட்டுப்போகல."

"எனக்குக் கெட்டுப்போச்சே."

 அவள் சட்டையை மடித்து அவன் மடியில் வைத்தாள். எடுக்க வந்த துணியை எடுக்காமலே கிளம்பினாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அண்ணனே பேச்சைத் தொடங்கினான். "ஒரு வருசம் போகட்டும். புள்ளைய இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துருவோம். அந்தாளு திருந்தினா பாக்கலாம்."

"அண்ணா, நானும் தண்ணி கலந்தேன்."

அண்ணன் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகாமல் நின்றது. பிறகு சிரித்தான். "இன்னைக்குப் போயிட்டு வந்தியா? சொல்லிக் குடுத்து அனுப்பினானா?"

"இல்லண்ணா. சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னாரு. நான் கலந்தேன். ஒரு மூடி. ஒவ்வொரு பாட்டில்லயும்."

"புருசனக் காப்பாத்துறதுக்கு இப்படியும் சொல்லுவியா? உன்ன எனக்குத் தெரியாதா? தொட்டில்லேர்ந்து பாக்குறேன். எறும்ப மிதிக்க மாட்ட நீ."

"நெசமா சொல்றேன்."

"சரி, சரி. சாப்பிடு. சோறு ஆறுது."

அவ்வளவுதான். அவளுடைய உண்மை அந்த மேசையில் ஒரு மனைவியின் நல்ல குணமாக மாறிவிட்டது. அண்ணன் மேலும் இரண்டு கவளம் உருட்டினான்.  அப்போது அண்ணி எழுந்தாள்.  மேசை ஓரத்தில் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் இருந்த மருந்துப் பாட்டிலை எடுத்தாள். அறைக்குள் போனாள். பீரோ திறக்கும் சத்தமும், பூட்டும் சத்தமும் கேட்டன. திரும்பி வந்து உட்கார்ந்து, நாத்தனாரின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். கை மரியாதையாக இருந்தது. கண் மட்டும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவள் குழந்தைக்குத் தலை பின்னிவிட்டாள். "அம்மா வேலைக்குப் போயிட்டு அப்பாகிட்ட போறேன். ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வந்து பாக்குறோம். அத்த குடுக்கிறத வம்பு பண்ணாம குடி."

"நான் வரலியா?"

"நீ கொஞ்ச நாள் கழிச்சு."

"அப்ப ஏன் நீ மட்டும் போற?"

அவள் ரிப்பனை முடிச்சுப் போட்டாள். ஒரு முடிச்சுக்கு மேல் இன்னொன்று போட்டாள்.

மில்லிலிருந்து நடந்து வந்து, அவள் படியேறும் சத்தம் கேட்டு பெயிண்டர் வாசலுக்கு வந்தான். அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தான். யாரும் வரவில்லை. அவள் கையில் துணிப்பை மட்டும் இருந்தது. அவன் வழிவிட்டு நகர்ந்தான். அவள் கைகால் கழுவி வருவதற்குள் இரண்டு தட்டு வைத்தான். சோறு கொஞ்சம் குழைந்திருந்தது.

"சொல்லிட்டியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"நம்பல. உங்களுக்காகப் பொய் சொல்றேங்கிறாரு."

அவன் ஒரு வாய் சாப்பிட்டான். "உங்க அண்ணி?"

அவள் தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். "அவங்க நம்பிட்டாங்க. மருந்த எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க."

பெயிண்டர் தலையை ஆட்டினான். தண்ணீரை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்.  வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, யாரும் எழுந்து விளக்குப் போடவில்லை.

"அப்ப சரி" என்றான் கடைசியில். "மருந்து ஒழுங்கா போகும்."